உஷார்! புது டிவியில் ‘ஓகே’ அழுத்துவது யார்?

தீபாவளி போனஸ் வந்ததும் பல வீடுகளில் முதலில் வாங்குவது ஸ்மார்ட் டிவி. 43 இஞ்சா, 55 இஞ்சா, இ.எம்.ஐ. எத்தனை மாதம் என்று வீடே கூடிப் பேசி முடிவெடுக்கிறது. டிவி வந்து இறங்கியதும், மாட்ட வந்தவர் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, திரையில் வருகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘ஓகே’, ‘அக்ரீ’ என்று தட்டிக்கொண்டே போகிறார். அவருக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருக்கிறது. நாமோ அட்டைப்பெட்டியை எங்கே போடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் வீட்டை நாமே திறந்து விட்டுவிடுகிறோம்!

அந்த ‘ஓகே’க்களில் ஒன்று, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதை டிவியே கவனித்துக் கம்பெனிக்குச் சொல்வதற்கான சம்மதம். ஏ.சி.ஆர். என்று இந்தத் தொழில்நுட்பத்தைச் சொல்கிறார்கள். திரையில் ஓடுவதைத் துணுக்குத் துணுக்காக எடுத்து, அதிலிருந்து ஓர் அடையாளக் குறியை உருவாக்கி, கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். அங்கே அதை ஒப்பிட்டு, நீங்கள் பார்த்தது எந்த நிகழ்ச்சி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு விளம்பரங்கள் அதற்கேற்ப வரும்.

பிரிட்டன், ஸ்பெயின், அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து 2024-இல் இதைச் சோதித்தார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செய்த சோதனை அது. எல்.ஜி. டிவி 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறையும் சாம்சங் டிவி 500 மில்லிவிநாடிக்கு ஒரு முறையும் திரையைப் பதிவு செய்தன. என்னை உலுக்கியது வேறொன்று. எச்.டி.எம்.ஐ. வயரில் லேப்டாப்பை இணைத்து டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தியபோதும் இந்தக் கண்காணிப்பு நிற்கவில்லை. நம் வீடுகளில் செட்டாப் பாக்ஸும் அந்த வயரில்தான் வருகிறது. சில வீடுகளில் அலுவலக லேப்டாப்பும் வாசல் கேமராவும் அதே வழியில்தான் திரைக்கு வருகின்றன.

பயந்து டிவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸில் இந்தச் சம்மதத்தை விலக்கிக்கொண்டபோது கம்பெனிக்குப் போகும் அந்தத் தகவல் நின்றுவிட்டதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஆனால் ‘இதை அணைத்துக்கொள்ளுங்கள்’ என்று யாரும் நம்மைத் தேடி வந்து சொல்லப்போவதில்லை. சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்.ஜி.யில் ‘லைவ் ப்ளஸ்’, சோனியின் பல மாடல்களில் ‘சாம்பா இன்டராக்டிவ் டிவி’ என்ற பெயரில் இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். செட்டிங்ஸில் ‘பிரைவசி’, ‘டெர்ம்ஸ்’ என்று எது கண்ணில் பட்டாலும் உள்ளே போய்ப் பாருங்கள். பெயர் தெரிந்துவிட்டால் அணைக்க ஒரு நிமிடம் போதும்.

இதெல்லாம் வீண் பயம் என்று நினைப்பவர்களுக்கு விசியோ என்ற டிவி கம்பெனியின் வழக்கை நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவில் விற்ற 1 கோடியே 10 லட்சம் டிவிகளில், பார்ப்பவர்களின் சம்மதம் பெறாமல் விநாடிக்கு விநாடி தகவல் சேகரித்ததாக அந்தக் கம்பெனிமீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டி கம்பெனி அதை முடித்துக்கொண்டது. யார் வீட்டில் என்ன வயதினர், எவ்வளவு வருமானம் என்ற விவரங்களையும் அந்தத் தகவலோடு சேர்க்க வழி செய்திருந்தார்கள் என்பதும் குற்றச்சாட்டில் இருந்தது.

பெரிய கம்பெனிகளில் இதுதான் நிலை என்றால், பெயர் தெரியாத மலிவு சரக்கில் ஆபத்து இன்னும் முரட்டுத்தனமானது. ‘எல்லா ஓ.டி.டி.யும் ஃப்ரீ, மாதச் சந்தா வேண்டாம்’ என்று சொல்லி விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகளைத் தயவுசெய்து வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 2025 ஜூனில் அமெரிக்க எஃப்.பி.ஐ. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற மோசடி வலையைப் பற்றி எச்சரித்தது. இப்படிப்பட்ட பெட்டிகளிலும் புரொஜெக்டர்களிலும் விற்பனைக்கு முன்பே தீய மென்பொருள் புகுத்தப்பட்டிருக்கிறது, அல்லது செட்டப் செய்யும்போது இறக்கச் சொல்லும் ஆப் வழியாக நுழைகிறது என்றது. அடுத்த மாதமே, 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் இந்த வலையில் சிக்கியிருப்பதாகச் சொல்லி கூகுள் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. சிக்கிய பெட்டி உங்கள் இன்டர்நெட் இணைப்பையே முன்பின் தெரியாத ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறது. அவர்கள் செய்யும் மோசடியின் தடம் பிடித்து வருகிறவர்களுக்குக் கிடைக்கும் முகவரி உங்கள் வீடு!

ஆபத்தான மலிவு டிவியைக் கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டு. டிவியை ஓடவிடச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு டிவி என்று சொல்லி விற்பதில் கூகுள் பிளே ஸ்டோர் இல்லாமல் வேறு ஏதோ ஆப் கடை இருந்தால், நெட்ஃபிளிக்ஸைத் திறக்க ரிமோட்டில் மவுஸ் அம்புக்குறியை இழுத்துக்கொண்டே போக வேண்டியிருந்தால், அது செல்போன் மென்பொருளை டிவியில் திணித்ததாக இருக்கலாம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ‘பிளே ப்ரொடெக்ட்டை (கூகுளின் பாதுகாப்புச் சோதனை) ஆஃப் பண்ணுங்க சார்’ என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். எஃப்.பி.ஐ. சொன்ன அபாய அறிகுறிகளில் அதுவும் ஒன்று.

அடுத்து, பணம் பறிபோகும் இடம். யூடியூபையோ வேறு ஓ.டி.டி.யையோ திறந்தால் டிவி ஓர் இணைய முகவரியையும் ஒரு கோடையும் காட்டி, போனில் அடிக்கச் சொல்லும். வீட்டுப் பெரியவர்கள் அந்த முகவரியைச் சரியாக அடிக்காமல் கூகுளில் தேடுகிறார்கள். தேடலில் வரும் போலிப் பக்கம் ஒரு கஸ்டமர் கேர் நம்பரைக் கொடுக்கிறது. எதிர்முனையில் கனிவான குரல்: “ஆக்டிவேஷன் சார்ஜ் கட்டணும் அம்மா, போன்ல இந்த ஆப்பை மட்டும் போட்டுக்கோங்க.” அந்த ஆப் அவர்கள் போன் திரையை மோசடிக்காரருக்குக் காட்டிவிடும், ஓ.டி.பி. உட்பட. சந்தாவுக்குப் பணம் உண்டு. கோட் அடித்து டிவியை இணைப்பதற்குக் கட்டணமே கிடையாது. திரையில் தெரியும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் தேட வேண்டிய வேலையும் இல்லை. பணம் போய்விட்டதா? யாரையும் திட்டிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

அப்பாவின் ஜிமெயிலை டிவியில் போடாதீர்கள். பாங்க் மெயிலும் குடும்பப் போட்டோக்களும் இருக்கும் கணக்கை, வருகிறவர் போகிறவரெல்லாம் ரிமோட் எடுக்கும் கூடத்தில் திறந்து வைக்கலாமா? டிவிக்கென்றே தனி ஜிமெயில் உருவாக்குங்கள். கார்டு விவரம் எதுவும் அதில் வேண்டாம். கூகுள் டிவியில் குழந்தைகளுக்குத் தனி புரொஃபைல் உண்டு. நெட்ஃபிளிக்ஸில் பெரியவர்கள் புரொஃபைலுக்கு நான்கு இலக்கப் பின் போடலாம். பிரைம் வீடியோவில் படம் வாடகைக்கு எடுக்கும் இடத்துக்கும் பின் போடுங்கள். ரூட்டரில் ‘கெஸ்ட்’ வைஃபை இருந்தால் டிவியை அதில் சேருங்கள். வீட்டுப் போன்களும் லேப்டாப்பும் தனியே இருக்கட்டும்.

பழைய ஸ்மார்ட் டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறீர்களா? கடைப் பையன் தூக்கிக்கொண்டு போகுமுன் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியே வந்து, ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். திரையே உடைந்து எதுவும் தெரியவில்லை என்றால், உங்கள் போனில் கூகுள் கணக்கின் ‘டிவைசஸ்’ பட்டியலைத் திறந்து அந்த டிவியை அங்கிருந்தே வெளியேற்றுங்கள். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் கணக்குகளிலும் அதையே செய்துவிட்டு, அதன் பிறகு வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.