ஒரு கணினிக்குள் மற்றொரு கணினி

தச்சர் மரத்தின் தன்மைக்கேற்ப உளியைத் தேர்ந்தெடுக்கிறார். உழவர் மண்ணின் தன்மைக்கேற்பக் கலப்பையைத் தேர்ந்தெடுக்கிறார். கணினித் திரையில் உருவங்களை வரைந்து காட்டும் மென்பொருள் எழுதுவோரும் அவ்வாறே தம் கருவியை ஆராய்ந்து தேர்தல் வேண்டும். அத்தகைய கருவிகளுள் ஒன்று மெய்நிகர் கணினி.

திருவள்ளூரை அடுத்த காக்களூரில் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பெற்ற மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸ் என்பதும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்பதுமாக இரண்டு இயங்குதளங்கள் அமைந்திருந்தன. கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படும். இரண்டு இருந்தும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். மற்றொன்று வேண்டுமாயின் முன்னதை மூடிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்குதல் வேண்டும்.

கும்மிடிப்பூண்டியிலுள்ள சிப்காட் தொழில் வளாகத்தை நாம் அறிவோம். அங்குள்ள தொழிற்சாலை ஒன்றுக்காக, இயந்திர உறுப்புகளை முப்பரிமாணத்திற் சுழற்றிக் காட்டும் மென்பொருளை ஓர் இளைஞர் எழுதுகிறார் என்று கொள்வோம். அவர் எழுதுவது லினக்ஸில். தொழிற்சாலையார் பயன்படுத்துவதோ விண்டோஸ். ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் சோதிப்பதற்காகக் கணினியை மூடித் திறந்துகொண்டிருந்தால் பொழுதெல்லாம் அதிலேயே கழிந்துவிடும். இரண்டாவது கணினி வாங்கவோ பொருள் வேண்டும். இவ்விடத்தில் உதவுவதே மெய்நிகர் கணினி.

மெய்நிகர் கணினி மென்பொருள், உண்மைக் கணினிக்குள் மற்றொரு கணினி இருப்பது போன்ற அமைப்பை உண்டாக்குகிறது. அதனுள் வேறோர் இயங்குதளத்தை நிறுவி, இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கலாம். உண்மைக் கணினியை இல்லம் என்றும், உள்ளே இயங்குவதை விருந்தினர் என்றும் நாம் வழங்குவோம். இம்முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே இதனைப் பெருங்கணினிகளில் ஆராய்ந்து, 1972இல் வி.எம்./370 என்னும் அமைப்பை அறிவித்தது. பின்னர் வி.எம்.வேர் நிறுவனம் 1999இல் மேசைக் கணினிகளுக்கும் இதனைக் கொண்டுவந்தது.

எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் எந்த மெய்நிகர் கணினியும் பெரும்பாலும் போதும். வரைகலைக்கு அவ்வாறன்று. அதன் காரணத்தைச் சிறிது காண்போம். அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உடைய திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. உருவம் தடையின்றி அசைவதாகத் தோன்ற, நொடிக்கு அறுபது முறை படத்தைப் புதுப்பித்தல் நலம். அவ்வாறாயின் நொடிதோறும் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணித்தல் வேண்டும். இதற்கென்றே வரைகலைச் செயலி என்னும் தனியுறுப்பு கணினியில் உள்ளது. அஃது இல்லத்தின் ஆட்சியில் இருப்பது. விருந்தினர் அதனை எவ்வழியாக அணுகுகிறார் என்பதே நாம் முதலிற் கேட்க வேண்டிய வினா.

வழிகள் மூன்று. முதலாவது, வரைகலைச் செயலியை அணுகாமலே, பொதுச் செயலியைக் கொண்டு எல்லாப் புள்ளிகளையும் கணிப்பது. படம் தோன்றும், ஆனால் மெல்லத் தோன்றும். லினக்ஸ் விருந்தினரில் வரைவது யாது என வினவும்போது 'எல்.எல்.வி.எம்.பைப்' என்னும் பெயர் விடையாக வருமாயின், இவ்வழியே நடைபெறுகிறது என்று அறிதல் வேண்டும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு வழி. விருந்தினர் இடும் வரைகலைக் கட்டளைகளை ஓர் இடையாள் வாங்கி, இல்லத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி, வரைகலைச் செயலிக்கு அனுப்புகிறார். வி.எம்.வேர் ஒர்க்ஸ்டேஷன், விர்ச்சுவல்பாக்ஸ் ஆகியன இவ்வாறு செய்ய வல்லன. லினக்ஸுடன் 2007 முதல் இணைந்துள்ள கே.வி.எம். முறையில், லினக்ஸ் விருந்தினருக்கு வெர்ஜில் என்னும் இடையாள் உண்டு. ஆனால் இடையாள் அறிந்த கட்டளைகளை மட்டுமே விருந்தினர் பயன்படுத்த இயலும். 2022இல் வெளிவந்த ஒர்க்ஸ்டேஷன் 17ஆம் பதிப்பு, டைரக்ட்எக்ஸ் 11, ஓப்பன்ஜிஎல் 4.3 ஆகியவை வரையில் விருந்தினருக்கு அளித்தது. அவற்றிற்கு மேற்பட்ட கட்டளைகளை நம்பி எழுதிய மென்பொருள் அதில் ஓடாது.

மூன்றாவது, வரைகலை அட்டையையே விருந்தினரிடம் ஒப்படைத்துவிடுவது. லினக்ஸில் வி.எப்.ஐ.ஓ. என்னும் பகுதி 2012இற் சேர்ந்தபின் இது செம்மையுற்றது. இடையாள் இல்லாமையால் வேகம் உண்மைக் கணினியின் வேகத்தை நெருங்கும். எனினும், ஒப்படைத்த அட்டையை அந்நேரத்தில் இல்லம் பயன்படுத்த முடியாது. ஆதலின் பெரும்பாலும் இல்லத்திற்கு வேறொரு வரைகலை உறுப்பு வேண்டும். இவ்வொப்படைப்புக்கு இடந்தரும் வசதியும் கணினியில் இருத்தல் வேண்டும்.

நினைவகத்தையும் மறந்துவிடலாகாது. எட்டு ஜிபி நினைவகத்தில் நான்கை விருந்தினருக்கு அளித்தால், இல்லத்திற்கு எஞ்சுவது நான்கே. விலையும் கருதத்தக்கது. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை மென்பொருளும் கே.வி.எம்.மும் மூலநிரல் திறந்தவை. ஒர்க்ஸ்டேஷனையும் 2024 நவம்பரில் அனைவருக்கும் கட்டணமற்றதாக அறிவித்தனர். எனவே விலையைக் காட்டிலும் தகுதியை நோக்கித் தேர்தல் இன்று எளிதாயிற்று.

இனி நம் இளைஞரிடம் திரும்புவோம். விருந்தினரான விண்டோஸில் அவருடைய பற்சக்கரத்தின் விளிம்புகள் நடுங்கித் தோன்றுகின்றன என்று வைத்துக்கொள்வோம். தம் நிரலிலேயே பிழையெனக் கருதி, நன்றாக இருந்த நிரலைப் பல நாள் மாற்றி மாற்றி எழுதிக் கெடுத்துவிடக்கூடும். பிழையோ இடையாளுடையதாக இருக்கலாம். இதற்கு மாறாக, மெய்நிகர் கணினியிற் செம்மையாகத் தோன்றிய படம் தொழிற்சாலைக் கணினியிற் சிதையவும் கூடும். அப்பொழுது நேரம் மட்டுமன்று, அவர்மீது பிறர் கொண்ட நம்பிக்கையும் குறைந்துபோகும்.

ஆகவே அவர் செய்யத்தக்கது யாது? தம் மென்பொருளுக்கு எந்தக் கட்டளைத் தொகுதி தேவை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அதனை விருந்தினருக்கு அளிக்கும் மென்பொருளையே தேர்தல் வேண்டும். ஒரே படத்தை இல்லத்திலும் விருந்தினரிலும் ஓட்டி, நொடிக்கு எத்தனை படங்கள் தோன்றுகின்றன என அளந்து ஒப்பிடுதல் வேண்டும். பொத்தான்கள் இயங்குதல், கோப்புகள் திறத்தல் முதலியவற்றை மெய்நிகர் கணினியிலேயே சோதித்துக்கொள்ளலாம். வேகத்தையும் நிறத்தையும் பற்றிய இறுதித் தீர்ப்பை மட்டும், பயன்படுத்துவோரின் உண்மைக் கணினியிற் கண்ட பின்னரே வழங்குதல் வேண்டும்.

கண்ணாடியில் முகம் பார்க்கிறோம். கண்ணாடி தெளிவாயிருந்தால் அது நமக்கு உதவி. அதன்மேல் அழுக்கிருப்பதை அறியாமல் முகத்தைத் தேய்ப்பதால் பயனில்லை. மெய்நிகர் கணினியும் அத்தகையதே. அதன் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே அறிந்து பயன்படுத்துவோர்க்கு ஒரு கணினியே இரண்டாகும். பெரும்பொருள் இல்லாத இளைஞரும் பெருந்தொழில் செய்ய அது வழி திறக்கும்.