நூல் காட்டும் வான்வழி

திருவில்லிபுத்தூரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 11 கி.மீ. சென்றால் இராஜபாளையம். இத்தகைய சிறுதொலைவை வரைபடத்தில் அளவுகோல் கொண்டு அளந்தால் பிழை நேராது. உலகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பறக்கும்போதுதான் தட்டையான வரைபடம் நம்மை ஏமாற்றுகிறது.

பெங்களூருவையும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவையும் எடுத்துக்கொள்வோம. சுவரில் தொங்கும் வரைபடத்தில் இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால், கோடு சகாரா பாலைவனத்தையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடக்கும். புவிக்கோளத்தின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் இமயத்தைத் தாண்டி, சீனா, சைபீரியா வழியாக ஏறி, அலாஸ்காவில் இறங்கும்! இதுவே பெருவட்டப் பாதை. உருண்டைப் பரப்பில் மிகக் குறுகிய வழி. இதன் நீளம் ஏறத்தாழ 14,000 கி.மீ.

ஆயினும் விமானங்கள் நூல் காட்டும் வழியிலேயே பறப்பதில்லை. உயரத்தில் விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பயணிகள் இயல்பாக மூச்சுவிட ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திற்கு விரைந்து இறங்க வேண்டும். திபெத்தியப் பீடபூமியின் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரம் உடையது. எனவே அப்பகுதியைப் பெரும்பாலும் தவிர்க்கின்றனர்.

காற்றும் வழியை முடிவு செய்கிறது. ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் கடுவளி ஓட்டங்கள் வீசுகின்றன. 2016இல் ஏர் இந்தியா தன் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விடுத்துப் பசிபிக் வழியாகச் செலுத்தியது. தொலைவு ஏறத்தாழ 1,400 கி.மீ. கூடியது, நேரமோ இரண்டு மணியளவு குறைந்தது. புவி சுழல்வதால் இம்மாற்றம் என்று சொல்வோர் உண்டு. வளிமண்டலமும் புவியோடு சேர்ந்தே சுழல்வதால் அது பொருந்தாது; பின்னிருந்து தள்ளிய காற்றே காரணம்.

2021 ஜனவரி 9 இரவு, சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே இயக்கிய விமானம் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டது. வடதுருவத்தின் மீது பறந்து, 11ஆம் நாள் அதிகாலை பெங்களூருவில் இறங்கியது. நாள்காட்டியில் நாள் இரண்டு மாறினும், பறந்தது ஏறத்தாழ 17 மணி நேரமே. குளிர்காலத்தில் அந்நகரைவிட நம் கடிகாரம் பதின்மூன்றரை மணி நேரம் முந்தியிருப்பதே இதற்குக் காரணம். பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள்; ஒன்றிலிருந்து மற்றொன்றை அப்படியே கழிப்பவருக்குக் கணக்கு தவறும்.

நம் ஊர்க்கணக்கு இதனினும் நுட்பமானது. மதுரையிலிருந்து சென்னை வான்வழியே ஏறத்தாழ 420 கி.மீ.; பறக்க ஒன்றேகால் மணி நேரம் போதும். ஆனால் இராஜபாளையத்தார் மதுரை விமான நிலையத்தை அடைய 80 கி.மீ.க்கு மேல் சாலையில் செல்ல வேண்டும். பேருந்தில் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். உள்நாட்டு விமானங்களுக்குப் பதிவு முகப்பு பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். நேர்முகத் தேர்வுக்குக் காலை பத்து மணிக்குச் சென்னை விமானம் ஏற வேண்டியவர், விடியற்காலை ஐந்தரை மணிக்கேனும் வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். அதே தேர்வுக்கு முதல் நாள் மாலை பொதிகை விரைவு வண்டியில் ஏறுபவர், உறங்கி விழிக்கும்போது சென்னையில் இருப்பார்.