வேலை கற்பது பாதி, பழகக் கற்பது மீதி



அறிவு வளர்ச்சி மெதுவாயுள்ள பிள்ளையைப் பெற்றவர்களை ஓயாமல் வாட்டும் கேள்வி ஒன்று உண்டு. "நமக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார் துணை?" என்பதே அது. அதற்குரிய விடைகளுள் ஒன்று, பிள்ளையின் கைக்கேற்ற வேலை.

செம்பனை நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்புவது, களை பிடுங்குவது, உதிரிப் பழம் பொறுக்குவது முதலிய வேலைகளைப் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தால் இத்தகைய இளைஞர் பலர் நன்றாகவே செய்வார்கள். அப்படியிருந்தும் சிலருக்கு வேலை நிலைப்பதில்லை. காரணம் என்ன? மண்டோர் திருத்தினால் கோபித்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். மண் தீர்ந்தால் கேட்கத் தெரியாமல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். காண்பவரையெல்லாம் கட்டிப் பிடிப்பார்கள். வேலை தெரிந்தும் பழகத் தெரியாததால் வரும் இடர்கள் இவை.

மற்றப் பிள்ளைகள் பார்த்தே பழகிக்கொள்வார்கள். இவர்களுக்கு நாம் ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். "முடிந்துவிட்டது ஐயா, அடுத்து என்ன செய்யட்டும்?" என்ற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் அப்பா மண்டோராக இருக்கட்டும். அம்மா பேசிக் காட்டட்டும். பிறகு பிள்ளை பேசட்டும். சரியாகச் சொன்ன உடனே பாராட்டுவோம். தவறினால் சிரிக்காமல் மீண்டும் காட்டுவோம். வீட்டில் பழகியதைக் கடையிலும் கோயிலிலும் பேசிப் பார்க்கச் செய்வோம். ஒன்று படிந்த பின்னரே அடுத்ததற்குப் போவோம்.

பணிவு மட்டும் போதாது; மறுக்கவும் தெரிய வேண்டும். சம்பளத்தை யாராவது பிடுங்கினாலோ, தகாத முறையில் தொட்டாலோ, "வேண்டாம்" என்று உரக்கச் சொல்லி, வீட்டில் வந்து கூறப் பழக்குவோம். அப்படிக் கூறும் நாளில் நாம் அதட்டாமல் கேட்பது மிக முக்கியம்.

நாம் தனியாக இப்பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம், மற்றவர்க்குச் சமமாக வேலை பெறும் உரிமை இவர்களுக்கும் உண்டு என்கிறது. சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறலாம். 1984இல் திரங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு நிலையங்கள், இன்று நாடெங்கும் பயிற்சி அளிக்கின்றன. வேலையிடத்திற்கே வந்து, பிள்ளைக்கும் மண்டோருக்கும் இடையில் நின்று பழக்கும் 'ஜொப் கோச்' எனும் வேலைப் பயிற்றுநர்களும் உள்ளனர். அவர்களைப் பற்றியும் இலாகாவில் விசாரிக்கலாம்.

ஊர் என்ன சொல்லுமோ என்று பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், ஊரோடு பேசும் பழக்கம் எங்கிருந்து வரும்? இன்று மாலை கடைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்வோம். காசைக் கையில் கொடுத்து, வேண்டியதைப் பிள்ளையின் வாயாலேயே கேட்கச் செய்வோம்.