மரண விளிம்பு அனுபவம்

இதயம் நின்று, சிகிச்சையால் மீண்டு வந்தவர்களில் சிலர் அந்த இடைவேளையில் தாம் கண்டதாகச் சொல்வது மரண விளிம்பு அனுபவம் எனப்படுகிறது. தம் உடலை மேலிருந்து பார்த்தல், பேரொளி, இறந்த உறவினரைச் சந்தித்தல், ஆழ்ந்த அமைதி ஆகியவை இதில் அடிக்கடி வருவன. 1975இல் அமெரிக்கரான ரேமண்ட் மூடி எழுதிய நூலால் இது பரவலாகத் தெரியவந்தது.

உடல் இறந்த பின்னும் உணர்வுநிலை தொடருமா என்ற பழைய கேள்விக்கு இங்கே விடை கிடைக்கும் எனப் பலர் நம்பினர். இதயம் நின்றால் மூளைக்கு இரத்தம் போவதில்லை. சில நொடிகளில் நினைவு தப்பும். அரை நிமிடத்திற்குள் மூளை மின்னலைப் பதிவு தட்டைக் கோடாகிவிடும். அந்நிலையிலும் ஒருவர் எதையேனும் உண்மையாகவே கண்டார் என்று நிறுவினால், மூளையின்றியும் உணர்வு இயங்கும் என்று வாதிட இடம் உண்டு.

நெதர்லாந்தில் பிம் வான் லோமெல் குழுவினர் ஆராய்ந்த 344 நோயாளிகளில் 62 பேர் இவ்வனுபவத்தைக் கூறினர் (2001). எனவே இதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அனுபவம் உண்மை என்பது வேறு. மூளை செயலற்றிருந்த நொடியில்தான் அது நிகழ்ந்தது என்பது வேறு. மயங்கும்போதோ நினைவு திரும்பும்போதோ அது தோன்றியிருக்கலாம். தூங்கி எழுந்தவரிடம் கனவு எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டால் சொல்ல முடியுமா?

இதைச் சோதிக்க மருத்துவர் சாம் பார்னியா ஓர் எளிய வழி கண்டார். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரியா நாடுகளின் 15 மருத்துவமனைகளில், கூரையருகே பலகைகள் பொருத்தி, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி படங்களை வைத்தனர். 2014இல் முடிவுகள் வெளிவந்தன. பதிவான 2060 இதயநிறுத்தங்களில் பிழைத்து, பேட்டி தந்தவர்கள் 140 பேர். சுற்றி நடந்ததைக் கண்டதாகவும் கேட்டதாகவும் தெளிவாகச் சொன்னவர்கள் இருவரே. அவ்விருவருக்கும் இதயம் நின்றது பலகை இல்லாத இடத்தில்! அவர்களில் 57 வயதான ஒருவர் தமக்கு அளித்த சிகிச்சையைச் சரியாகவே விவரித்தார். இது கவனிக்கத்தக்கது. எனினும் மார்பை அழுத்தும்போது மூளைக்குச் சிறிதளவு இரத்தம் சென்றுகொண்டுதான் இருக்கும். காதில் விழுந்ததைக் கொண்டு மனம் காட்சியை அமைத்திருக்கவும் கூடும்.

2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், இதயம் நின்ற எலிகளின் மூளையில் முதல் 30 நொடிகளுக்குள் ஒழுங்கான மின்னலைகள் பெருகியதைக் கண்டனர். 2023இல், செயற்கைச் சுவாசம் நீக்கப்பட்ட 4 நோயாளிகளின் பதிவுகளை அதே பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டனர். இருவரிடம் இத்தகைய எழுச்சி தெரிந்தது. அந்நால்வரில் எவரும் பிழைக்கவில்லை. அவ்வேளையில் எதையாவது கண்டார்களா என்று கேட்டறிய வழியில்லாமல் போயிற்று.