கோட்டுக்கு வெளியே நிற்பவர்

வலையின் இருபுறமும் அணிக்கு அறுவராக நின்று, பந்தைத் தம் பக்கத்து நிலத்தில் விழவிடாமல் தட்டி ஆடும் விளையாட்டு வாலிபால். இதனைத் தமிழில் கைப்பந்து என்றும் கையுந்துபந்து என்றும் வழங்குவர். கேரளமும் தமிழகமும் ஒருங்கே விரும்பும் விளையாட்டு இது. 2019 பிப்ரவரியில் புரோ வாலிபால் லீக் போட்டிகள் நம் கொச்சியின் கடவந்திரா உள்ளரங்கிலும் சென்னையிலும் நடைபெற்றன. அத்தகைய போட்டிகளில் நம் கண்கள் உயரத் தாவி அடிப்பவரையே தொடர்கின்றன. கோட்டுக்கு வெளியே நிற்கும் தலைமைப் பயிற்சியாளரை நாம் கவனிப்பதில்லை. அவருடைய பணியை, சிறப்பாகக் கல்லூரி அணியைப் பயிற்றுவிப்பவரின் பணியை, இப்பாடத்தில் அறிவோம்.

இவ்விளையாட்டைத் தோற்றுவித்தவரே ஓர் உடற்கல்வி இயக்குநர். அமெரிக்காவின் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய வில்லியம் மார்கன் 1895இல் இதனை வகுத்தார். அதே ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாடத் தெரிதல் வேறு; விளையாடக் கற்பித்தல் வேறு. கற்பித்தலையும் முறையாகப் பயிலவேண்டும். இன்று பயிற்சியாளராக விரும்புவோர் பட்டப்படிப்புக்குப்பின் பி.பி.எட்., எம்.பி.எட். பயில்கின்றனர். 1961இல் பட்டியாலாவில் தொடங்கப்பெற்ற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் பெறுவோரும் உளர்.

பயிற்சியாளரின் பணி ஏன் அரியது? ஆட்டத்தின்போது அவர் பந்தைத் தொட இயலாது. எதிரணியிடமிருந்து சர்வீஸ் உரிமை கிடைக்கும்போதெல்லாம் அறுவரும் கடிகார முள்ளின் திசையில் ஓரிடம் நகரவேண்டும். முன்வரிசையில் தாவி அடித்தவர் பின்வரிசைக்கு வந்து பந்தை எடுக்க நேரும். யார் எங்கு நின்றாலும் அணி குலையாதவாறு வரிசையை அமைப்பது பயிற்சியாளரின் பொறுப்பு. ஒரு செட்டில் அவர் இருமுறை டைம் அவுட் கேட்கலாம். ஒவ்வொன்றும் 30 விநாடியே. அதற்குள் புதிதாக எதையும் கற்பிக்க முடியாது. பல மாதங்கள் மைதானத்தில் பழக்கியதை நினைவூட்ட மட்டுமே முடியும்.

கல்லூரிப் பயிற்சியாளருக்கு மற்றொரு சோதனையும் உண்டு. அவருடைய வீரர்கள் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்துச் சென்றுவிடுவர். ஒருவர் நன்கு தேர்ந்து ஒளிரும் வேளையிலேயே விடைபெறுவார். பயிற்சியாளர் புதியவருக்கு முதலிலிருந்து தொடங்குவார். கண்ணூர் மாவட்டத்துப் பேராவூரில் பிறந்த ஜிம்மி ஜார்ஜ், கோழிக்கோடு பல்கலைக்கழக அணியில் ஆடி வளர்ந்தவர். 1976இல் அர்ஜுனா விருது பெற்ற அவர், பின்னர் இத்தாலி நாட்டு அணிகளுக்காகவும் ஆடினார். மாணவர் அவ்வாறு தொலைதூரம் செல்வதே கல்லூரிப் பயிற்சியின் பயன்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆடவர் அணியை ஆல் ஸ்கேட்ஸ் 1963 முதல் 2012 வரை பயிற்றுவித்தார். அவ்வணி அவர் காலத்தில் 19 முறை தேசியப் பல்கலைக்கழகப் பட்டம் வென்றது. இந்த 19 வெற்றிகளையும் பெற்றவர்கள் ஒரே வீரர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாக மாறியவர்கள். மாறாமல் நின்றவர் பயிற்சியாளர் ஒருவரே.

தமிழகத்தின் ஜி. இ. ஸ்ரீதரன், வீரராக 1982இல் அர்ஜுனா விருதும் பயிற்சியாளராக 2007இல் துரோணாச்சாரியார் விருதும் பெற்றவர். தாம் ஆடியதற்கு ஒன்று. பிறரை ஆடச் செய்ததற்கு மற்றொன்று. இரண்டுக்கும் இடையே 25 ஆண்டுகள்.

மாணவர்களே, அடுத்தமுறை வாலிபால் போட்டியைக் காணும்போது, டைம் அவுட் கேட்ட பயிற்சியாளரைக் கவனியுங்கள். அந்த 30 விநாடியில் அவர் எத்தனை சொற்கள் பேசுகிறார் என்று எண்ணுங்கள். அவை மிகச் சிலவாக இருப்பின், அவருடைய பணி முன்பே நிறைவேறிவிட்டது என்று அறியலாம்.