89 வயதில் முதல் மராத்தான்!

குழந்தைகளே! ஆடி மாதம் பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சாலைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மஞ்சள் சேலை கட்டிய பெண்கள், தோளில் துணிப்பை மாட்டிய ஆண்கள், தூக்கக் கலக்கத்தோடு நடக்கும் சிறுவர்கள் என்று கூட்டம் கூட்டமாகப் போவார்கள். பலர் காலில் செருப்பு இருக்காது. இரண்டு பக்கமும் கரிசல் காடும் சீமைக்கருவேல மரமும்தான். பகலில் தார்ச்சாலை கொதிக்கும் என்பதால் பெரும்பாலும் இரவில்தான் நடப்பார்கள். எங்கே போகிறார்கள்? சாத்தூருக்குப் பக்கத்தில், வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் சூழ்ந்திருக்கும் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு!

அந்தக் கூட்டத்தில் எழுபது வயது அப்பத்தாக்களும் உண்டு. "எப்படிப் பாட்டி இவ்வளவு தூரம் நடக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நானா நடக்கிறேன்? ஆத்தா கூட்டிக்கிட்டுப் போறா" என்பார்கள். அவர்களுக்கு அது அவ்வளவு எளிய விஷயம்.

இதே போல் நம்பிக்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒருவர் மராத்தான் ஓட முடியுமா? அதுவும் 89 வயதில், வாழ்க்கையின் முதல் மராத்தானை? ஓடிக் காட்டினார் ஒரு தாத்தா. அவர் பெயர் பவுஜா சிங்.

மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போய், நிற்காமல் திரும்பி வந்தால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வரும். பஸ்ஸில் போய் வந்தாலே நமக்கு அலுப்பாக இருக்கும்! 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் இது. பிறகு 1921இல் இதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள்.

பவுஜா சிங் பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் பக்கத்தில் பியாஸ் பிண்ட் என்ற கிராமத்துக்காரர். அவருடைய பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி 1911 ஏப்ரல் 1 என்று இருக்கிறது. சின்ன வயதில் கால்கள் குச்சி போல் மெலிந்திருந்தன. ஐந்து வயது வரை நடக்கவே முடியவில்லை. இந்தப் பையன் எங்கே நடக்கப் போகிறான் என்று வீட்டார் கவலைப்பட்டார்கள். நடந்தார், வளர்ந்து விவசாயியானார். கோதுமை வயலிலேயே காலம் போனது.

முதுமையில்தான் அவருக்குச் சோதனை வந்தது. 1992இல் மனைவி காலமானார். 1994இல் ஒரு மகன் விபத்தில் இறந்துபோனார். லண்டனில் இன்னொரு மகன் வீட்டில் தங்கியிருந்தார். மொழி தெரியாத ஊர், வேலை இல்லாத பகல், மனம் முழுக்கத் துக்கம். அதை மறக்கத்தான் ஓட ஆரம்பித்தார். முதலில் மெல்ல நடை, பிறகு கொஞ்சம் ஓட்டம். ஹர்மந்தர் சிங் என்பவர் பயிற்சியாளராக அமைந்தார். முதல் நாள் பயிற்சிக்குத் தாத்தா எப்படி வந்து நின்றாராம் தெரியுமா? கோட்டு, சூட்டு எல்லாம் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போவது போல! உடையிலிருந்தே பயிற்சியைத் தொடங்க வேண்டியிருந்தது.

2000 ஏப்ரலில் லண்டன் மராத்தான். தலைப்பாகையோடும் வெண்தாடியோடும் பவுஜா சிங் ஓடினார். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு உதவும் அமைப்பு ஒன்றுக்கு நிதி சேர்ப்பதற்காக ஓடினார். 6 மணி 54 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

இங்கே ஒரு கணக்கு. (பழைய வாத்தியார் அல்லவா, கணக்கில்லாமல் விட மனம் வராது!) 6 மணி 54 நிமிடம் என்றால் 414 நிமிடம். அதை 42.195ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். நாம் வேகமாக நடந்தாலே ஏறத்தாழ அந்த வேகம் வந்துவிடும். பார்த்தீர்களா, அவர் குதிரை மாதிரி பாயவில்லை. நிற்கவில்லை, அவ்வளவுதான். ஏழு மணி நேரம் ஒரே சீராகப் போவதுதான் கடினம்.

ஏன் கடினம்? நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து வரும் சர்க்கரையில் ஒரு பகுதியை, கல்லீரலும் தசைகளும் சேமித்து வைத்துக்கொள்கின்றன. அரிசிப் பானை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அதிலிருந்து அள்ளி அள்ளிச் செலவழிக்கிறோம். பலருக்கும் 30 கிலோமீட்டர் தாண்டும்போது பானையின் அடி தெரிய ஆரம்பித்துவிடும். பிறகு உடம்பு கொழுப்பை அதிகமாக எரிக்க வேண்டும். அதிலிருந்து சக்தி மெதுவாகத்தான் கிடைக்கும். கால் இரும்பாகக் கனக்கும். 'போதும், உட்கார்ந்துவிடு' என்று மனம் சொல்லும். எதிரே சுவர் வந்து மோதியது போல் இருக்கிறது என்பார்கள் ஓட்டக்காரர்கள்.

முதல் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர், தனக்குச் சிரமமில்லை என்று பவுஜா சிங் சொல்லியிருக்கிறார். கடைசி 6 மைலைக் கடவுளோடு பேசிக்கொண்டே ஓடுவாராம். அவர் சீக்கியர். இறைவனை 'வாஹேகுரு' என்று அழைத்து, அந்த நாமத்தை ஓயாமல் சொல்வது சீக்கியர்களின் வழக்கம். உடம்பின் அரிசிப் பானை காலியாகும் அதே இடத்தில் அவருடைய பிரார்த்தனை கைகொடுத்திருக்கிறது பாருங்கள்!

இது பஞ்சாபுக்கு மட்டும் சொந்தமான வித்தையும் அல்ல. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி 'சிவாலய ஓட்டம்' நடக்கிறது. முஞ்சிறை திருமலை மகாதேவர் கோவிலில் தொடங்கி, திருநட்டாலம் கோவிலில் முடியும். பன்னிரண்டு சிவன் கோவில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல்! ஒரு வாரம் விரதமிருந்து, காவி உடுத்தி, கையில் பனையோலை விசிறியோடு ஓடுவார்கள். வழியெல்லாம் ஊர்க்காரர்கள் மோரும் பானகமும் சுக்கு நீரும் கொடுப்பார்கள். இப்போது வண்டியில் சுற்றி வருகிறவர்களும் உண்டு. ஆனால் காலால் ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு வேடிக்கை. ஓடுவது சிவன் கோவில்களுக்கு, ஆனால் சொல்வதோ "கோவிந்தா! கோபாலா!" ஏன்? அதற்கொரு கதை உண்டு. தருமரின் யாகத்துக்காகப் புருஷாமிருகத்தின் பால் வேண்டியிருந்தது. பாதி மனிதனும் பாதி மிருகமுமான அது பெரிய சிவபக்தன். திருமாலின் பெயரைக் கேட்டாலே அதற்குக் கோபம் வரும். பீமன் அதன் எதிரே போய், "கோவிந்தா! கோபாலா!" என்று கத்தினான். அது துரத்தியது. பீமன் ஓடினான். பிடிபடும் நேரத்தில் எல்லாம், கண்ணன் கொடுத்த பன்னிரண்டு ருத்திராட்சங்களில் ஒன்றைக் கீழே போட்டான். அது சிவலிங்கமாக மாறும். புருஷாமிருகம் நின்று பூஜை செய்யும். பீமன் அதற்குள் அடுத்த ஊருக்கு ஓடிவிடுவான்! கடைசியில் சிவனும் திருமாலும் ஒன்று என்று அதற்குப் புரிந்ததாம். பீமன் ஓடிய வழியில்தான் பக்தர்களும் ஓடுகிறார்கள் என்பது நம்பிக்கை.

'வாஹேகுரு' ஆனாலும் 'கோவிந்தா, கோபாலா' ஆனாலும், ஆகஸ்ட் மாதம் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் சொல்லும் ஜெபமாலை ஆனாலும், ஒன்று கவனியுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லும்போது மூச்சும் காலடியும் ஒரு தாளத்துக்கு வந்துவிடும். இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று மனம் எண்ணாது. அடுத்த அடியை மட்டும் வைக்கும்.

அப்படியானால், சாமி பெயரைச் சொன்னால் யாரும் மராத்தான் ஓடிவிடலாமா? முடியாது, கண்ணுகளா! பவுஜா சிங்கின் கால்கள் வயலில் உழைத்த கால்கள். சப்பாத்தி, பருப்பு, கீரை, தயிர் என்று அளவாகச் சாப்பிட்டார். நாள் தவறாமல் பயிற்சி செய்தார். இருக்கன்குடிக்கு நடக்கும் அப்பத்தாவும் அப்படித்தான். ஆண்டு முழுவதும் காட்டுக்கு நடந்து போய், வெயிலில் குனிந்து களை எடுத்தவர். அவருக்கு அந்தப் பயிற்சி முன்பே ஆகிவிட்டது. பக்கத்தில் நடக்கும் பேரன் வெளியூரில் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவன் என்றால், பாதி வழியிலேயே அவன் காலில் கொப்புளம் வந்துவிடும். பக்தியில் இருவருக்கும் குறைவில்லை!

உங்களுக்கு இப்போதே ஓட ஆசை வந்திருக்கும். பெரும்பாலான முழு மராத்தான் போட்டிகளில் 18 வயது நிறைந்தவர்களைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். வளரும் எலும்புக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். அதுவரை பள்ளி மைதானம் போதும். நம் ஊர் வெயிலுக்கு விடிகாலையே நல்லது. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

தாத்தாவின் கதைக்கு வருவோம். முதல் மராத்தானோடு அவர் நிற்கவில்லை. 2003இல் கனடாவின் டொராண்டோ நகரில் 5 மணி 40 நிமிடத்தில் ஓடினார். வயது மூன்று கூடியது; நேரமோ ஒரு மணிக்கு மேல் குறைந்தது! 2011 அக்டோபரில் அதே டொராண்டோவில், நூறு வயதில், 8 மணி 11 நிமிடத்தில் ஒரு முழு மராத்தானை முடித்தார். ஆனால் கின்னஸ் புத்தகம் அதை ஏற்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லையாம்! 1911இல் பஞ்சாப் கிராமத்தில் சான்றிதழுக்கு எங்கே போவது? நம் ஊரிலும் தாத்தா பாட்டிகள் பலரின் பிறந்த தேதி, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட தேதிதான். பவுஜா சிங் அதற்காக வருத்தப்பட்டு உட்கார்ந்துவிடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் ஜோதியை ஏந்தி ஓடினார். 2013 பிப்ரவரியில் ஹாங்காங்கில் 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு, போட்டிகளிலிருந்து விடைபெற்றார். அதன் பிறகும் நடையை விடவில்லை.

2025 ஜூலை 14. சொந்தக் கிராமத்துக்கு அருகே சாலையில் சென்றுகொண்டிருந்த அவர்மீது ஒரு கார் மோதியது. ஓட்டியவர் நிறுத்தாமல் போய்விட்டார். 114 வயதுத் தாத்தா அன்று மாலை காலமானார். ஐந்து வயது வரை நடக்காத கால்கள், எத்தனையோ மராத்தான் ஓடிய கால்கள், கடைசியில் ஒரு சாலையோரத்தில் நின்றுபோயின.

அதைப் படித்தபோது ஆடி மாத இரவில் நம் சாலையோரம் நடக்கிறவர்கள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். தெருவிளக்கு இல்லாத இடங்கள் எத்தனை! லாரி வெளிச்சம் கண்ணுக்குத் தெரிவதற்குள் லாரியே வந்துவிடுகிறது. பாதயாத்திரை போகிறவர்களின் பையிலும் கைத்தடியிலும் போலீசார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது உண்டு. விளக்கு வெளிச்சம் பட்டால் அது பளிச்சென்று மின்னும். தூரத்தில் வரும் ஓட்டுநருக்கு, ஆள் இருப்பது அதை வைத்துத்தான் தெரியும். சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடப்பதும் அதற்காகத்தான். வரும் ஆடியில் உங்கள் அப்பத்தா கிளம்பினால், துணிப்பையைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லாவிட்டால், சைக்கிள் கடையில் சிவப்பு ஸ்டிக்கர் கிடைக்கும்; வாங்கி, முதுகுப் பக்கம் தெரியும்படி நீங்களே ஒட்டிவிடுங்கள்.