நின்ற லாரியும் பின்வந்த காரும்

‘நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதல்’ என்பது தமிழ் நாளிதழ்களில் நிலைபெற்றுவிட்ட ஒரு தலைப்பு. ஊரும் உயிரிழந்தோர் எண்ணிக்கையும் மட்டுமே மாறுகின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துகளில் 21 சதவீதத்துக்கும் மேற்பட்டவை பின்புற மோதல்கள். நேருக்கு நேர் மோதல்களைவிட இவை அதிகம். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் தமிழ்நாடு.

இதைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடியைவிடப் பொருத்தமான இடம் அரிது. ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளும் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இங்குள்ளது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் செல்லும் நான்குவழிச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளும் டாரஸ் லாரிகளும் உப்பு லாரிகளும் 40, 50 கி.மீ. வேகத்தில் ஊர்கின்றன, அவற்றின் பின்னால் கார்கள் 100 கி.மீ. வேகத்தில் வருகின்றன. போதாக்குறைக்கு, தேநீருக்காகவும் உறக்கத்துக்காகவும் பழுதுக்காகவும் சாலையோரம் நிற்கும் லாரிகள் வேறு.

மணிக்கு 100 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். எதிரே இருப்பதைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 42 மீட்டர் கடந்துவிடும். பிறகு, உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தாலும் நிற்க இன்னும் 55 மீட்டர் வேண்டும். மொத்தம் 97 மீட்டர். ஆனால், டிம் லைட்டில் விளக்கில்லாத ஒரு பொருள் புலப்படுவது 50, 60 மீட்டர் தொலைவில்தான். லாரியைக் காணும்போதே காலம் கடந்துவிட்டது என்பதே இதன் பொருள். 60 கி.மீ. வேகத்தில் சென்றால் 45 மீட்டரில் நின்றுவிடலாம். இரவில் டிம் லைட்டுடன் செல்பவருக்கு அதுவே உண்மையான வேக வரம்பு. பலகையில் எழுதியிருப்பது அன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னால் தெரியும் சிவப்பு விளக்கு நகர்கிறதா, நிற்கிறதா என்பதை இரவில் கண் எளிதில் பிரித்தறியாது. நெருங்கிய பிறகே அதன் உருவம் திடீரெனப் பெரிதாகிறது. உறக்கம் அழுத்தும் அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை இந்தத் தாமதம் மேலும் நீளும்.

மோதலுக்குப் பின் நடப்பது இன்னும் கொடியது. காரின் பானட் லாரியின் அடியில் நுழைய, லாரியின் தளம் நேராகக் கண்ணாடியில் இடிக்கிறது. நொறுங்கி அதிர்ச்சியை வாங்கவேண்டிய முன்பகுதிக்கு அங்கே வேலையே இல்லை. இதைத் தடுக்கத்தான் லாரிகளின் பின்புறம் தாழ்வான தடுப்புக் கம்பி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பெயருக்குப் பொருத்திய மெல்லிய கம்பி, வேகமாக வரும் காரைத் தாங்காது. சிவப்பு ஒளிரும் பட்டையும் அப்படித்தான்: தகுதிச் சான்று பெறும் நாளில் பளபளத்தாலும் நிலக்கரித் தூசு படிந்தால் கண்ணுக்குத் தெரியாது. உப்பு லாரிகளில் ஈரம் வயர்களையே அரித்துவிடுகிறது.

பின்னால் வந்தவரே குற்றவாளி என்பது நம் சாலைகளின் எழுதப்படாத தீர்ப்பு. 2017 ஜனவரியில் கோவையில் ஒரு கார் திடீரென நிற்க, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்தார். அவர்மீது பேருந்து ஏறியதில் ஒரு காலை இழந்தார். கருவுற்றிருந்த மனைவிக்குக் குமட்டல் ஏற்பட்டதால் நிறுத்தியதாகக் கார் ஓட்டியவர் கூறினார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நெடுஞ்சாலையில் எச்சரிக்கையின்றித் திடீரென நிற்பது கவனக்குறைவே எனக் கூறி, கார் ஓட்டியவருக்கு 50 சதவீதமும், பேருந்து ஓட்டுநருக்கு 30 சதவீதமும், போதிய இடைவெளி விடாத மாணவருக்கு 20 சதவீதமும் பொறுப்பைப் பகிர்ந்தளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவும் பிறருக்கு ஆபத்து நேரும்படி வாகனத்தை நிறுத்துவதைத் தடை செய்கிறது. நிற்பவருக்கும் கடமை உண்டு என்பது சட்டத்துக்குப் புதிதன்று, நமக்குத்தான் புதிது.

பழுதான லாரியின் பின்னால் கல்லும் மரக்கிளையும் வைப்பது நம் வழக்கம். அவற்றை அகற்றாமலே புறப்படுவதும் நம் வழக்கம்தான். அடுத்த விபத்துக்கு அந்தக் கல்லே காரணமாகலாம். ஒளிரும் முக்கோணத்தை லாரியை ஒட்டி வைப்பதால் பயனில்லை. நூறு மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வைக்கவேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்தால் மீட்பு வாகனம் கேட்கலாம்.

காரோட்டிகள் செய்யவேண்டியது எளிது. முன்செல்லும் வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைக் கடந்ததும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கல்லை அடைந்தால் இடைவெளி போதாது. மழையிலும் இரவிலும் ஐந்து வரை எண்ணலாம்.

துறைமுகத்தின் பொறுப்பு வாயிலோடு முடிவதில்லை. உள்ளே நுழையும் லாரியின் ஆவணங்களைச் சரிபார்க்கும் அதே இடத்தில் பின்விளக்கு எரிகிறதா, பட்டை தெரிகிறதா, தடுப்புக் கம்பி உறுதியாக உள்ளதா எனப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். விளக்கு எரியாத லாரியைச் சரக்குடன் இரவில் வெளியே அனுப்புவதில்லை என்ற ஒரு விதியைத் துறைமுக நிர்வாகமும் மாவட்டக் காவல்துறையும் சேர்ந்து நாளையே நடைமுறைப்படுத்தலாம்.